இடது கால் செருப்பு

அத்தியாயம் பதினேழு

போர்வையை மூங்கிலில் கட்டிய டோலி தார் ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது காலை மணி ஏழாகியிருந்தது. கொடிக்காட்டூரிலிருந்து ரோட்டுக்கு வெறுங்கையோடு இறங்கினால் முக்கால் மணி நேரம். ஆளைச் சுமந்து இறங்கினால் அதைப்போல் இரண்டு மடங்கு. நான்கு பேர் தோள் மாற்றி மாற்றித் தூக்கி வந்தார்கள்.

வெள்ளச்சிக்கு இது நான்காவது இறக்கம். மாசி மாதம் கடுக்காய் பொறுக்கப் போன இடத்தில் பாறையில் சறுக்கி விழுந்து, இடது தொடை எலும்பு முறிந்தபோது முதல் தடவை. கள்ளக்குறிச்சி கிளினிக்கில் தொடைக்குள் கம்பி வைத்து அனுப்பிய பிறகு ஆறாவது வாரத்தில் ஒரு தடவை, மூன்றாவது மாதத்தில் ஒரு தடவை. அந்த மூன்றாவது மாதத்தில்தான் டாக்டர் தனசேகரன் படத்தைப் பார்த்துவிட்டு, எலும்பு சேர ஆரம்பிக்கவே இல்லை என்றார். இன்னும் இரண்டு மாதம் பார்ப்போம், அப்போதும் சேராவிட்டால் இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து மறுபடியும் ஆபரேஷன் என்றார்.

அந்த இரண்டு மாதம் இன்றோடு முடிகிறது.

ஆபரேஷன் என்றால் இன்னும் ஆறு மாதம் படுக்கை. அதற்குள் சாமை விதைக்கிற பருவம் போய்விடும். அதை விடவும் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. மகன் அருள் கள்ளக்குறிச்சியில் ஒரு வாடகை வீடு பார்த்து, சாவியை வாங்கிப் பாக்கெட்டில் வைத்திருந்தான். அம்மாவை இனி மலைக்கு ஏற்றுவதில்லை என்று போன வாரம் வீட்டில் சொல்லிவிட்டான். தாயும் மகனும் அன்றிலிருந்து சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

அருள் கெட்டவன் இல்லை. பிக்கப் வண்டி ஓட்டுகிறவன். வாரத்தில் ஆறு நாள் கீழேயே தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மேலே வருவான். பெற்ற தாயைப் போர்வைக்குள் மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு போவதை நான்கு தடவை பார்த்துவிட்டான். ஐந்தாவது தடவை பார்க்க அவனால் முடியாது. அவ்வளவுதான்.

வண்டியில் முன் சீட்டில் வெள்ளச்சியை உட்காரவைத்து, பக்கத்தில் மருமகள் தமிழ்ப்ரியா ஏறிக்கொண்டாள். கல்யாணமாகி ஒன்றரை வருடம். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். தெரியாதவர்கள் முன்னால் அவளுக்கு வாய் வராது. பஸ்ஸில் கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பாள். ஆனால் இந்த ஐந்து மாதமும் மாமியாரைக் குளிப்பாட்டியது, தலை வாரியது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தது எல்லாம் அவள்தான்.

வெள்ளிமலை தாண்டி வளைவுகளில் வண்டி இறங்கும்போது வெள்ளச்சி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சேந்திருக்குமா பிரியா?"

"சேந்திருக்கும் அத்த."

அருள் கியரை மாற்றினான்.

*

கிளினிக் வராந்தாவில் டோக்கன் முப்பத்தேழு. கழுத்தில் பட்டை போட்டவர்கள், முழங்காலில் உறை மாட்டியவர்கள், கட்டு வெட்டுகிற மெஷின் சத்தம் கேட்டு அழுகிற குழந்தைகள் என்று உட்கார இடமில்லை. அருள் எப்படியோ ஒரு பெஞ்சில் அம்மாவுக்கு இடம் பிடித்தான்.

பக்கத்தில் சங்கராபுரத்துக்காரர் நாராயணசாமி. வைக்கோல் போரிலிருந்து விழுந்து வலது கையில் மாவுக்கட்டு. பேச ஆள் கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம். இந்த டாக்டர் கைராசிக்காரர் என்றும், அவர் வைத்த கம்பி எதுவும் இதுவரை ஏமாற்றியதில்லை என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆனா ஒண்ணும்மா. அவரு படத்தைத்தான் பாப்பாரு, நம்மளப் பாக்க மாட்டாரு. போன தபா வந்தப்ப எந்தக் கைன்னு எங்கிட்டயே கேட்டாரு. இவ்ளோ பெரிய கட்டு கண்ணு முன்னாடி தொங்கிக்கினு கீது."

வெள்ளச்சி சிரித்தாள். இரண்டு மாதத்தில் அவள் சிரித்துத் தமிழ்ப்ரியா பார்ப்பது இதுதான் முதல் தடவை.

எக்ஸ்ரே எடுத்து முடிக்கப் பதினொன்றரை ஆகிவிட்டது. வரவேற்பு மேஜையில் இருந்த சுபஸ்ரீ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டாள். டாக்டர் அறை வாசலில் செருப்பை வெளியே விடச் சொல்லி எழுதியிருந்தது. தமிழ்ப்ரியா குனிந்து மாமியாரின் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அருள் அம்மாவைக் கைகளில் ஏந்திக்கொண்டு உள்ளே போனான்.

போன தடவை வெள்ளச்சி உள்ளே வரவில்லை. அன்று கூட்டம் தெருவரைக்கும் நின்றதால் அவளை வண்டியிலேயே உட்காரவைத்துவிட்டு, அருள் மட்டும் படத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தான். அதற்கு முன் ஆறாவது வாரத்தில் வந்தபோது டாக்டர் ஊரில் இல்லை. வேறொரு இளம் டாக்டர் தையலைப் பார்த்துவிட்டு அனுப்பினார். ஆக, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போன நாளுக்குப் பிறகு வெள்ளச்சி தனசேகரனை நேரில் பார்ப்பது இன்றுதான்.

அவர் விளக்குப் பெட்டியில் படத்தைச் செருகினார். தொடைக்குள் கம்பி வெள்ளையாக நேராக இருந்தது. முறிந்த இடத்தில் ஒரு கறுப்புக் கோடு. பழைய படத்தில் இருந்த அதே கோடு.

"மாற்றமே இல்லை" என்றார் அருளிடம். "மூணு மாசத்துக்கு மேல காலை ஊன்றி நல்லா நடந்தும் இப்படி இருக்குன்னா, இனிமே அது தானா சேராது. நாளைக்குக் காலையிலயே செய்துடலாம். இன்னைக்கு அட்மிஷன் போட்டுடுங்க."

மேஜை மேல் ஒரு படிவம் வந்தது. அருள் பேனாவை எடுத்தான்.

வெள்ளச்சி கட்டிலில் உட்கார்ந்தபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். புருஷன் ராமன் செத்த வருடம் தனியாகக் காட்டைத் திருத்தி விதைத்தவள் அவள். அழுவதை மகன் பார்க்கக்கூடாது.

தமிழ்ப்ரியா மட்டும் அங்கேயே நின்றுவிட்டாள். அவள் காதில் ஒரே வார்த்தை ஒட்டிக்கொண்டிருந்தது. நடந்தும்.

யார் நடந்தது?

சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. டாக்டர் அடுத்த டோக்கனுக்கு மணியை அழுத்தப் போனார். அருள் இரண்டாவது பக்கத்தில் எங்கே கையெழுத்து என்று தேடிக்கொண்டிருந்தான்.

அவள் திரும்பி வெளியே ஓடினாள். அழத்தான் போகிறாள் என்று அருள் நினைத்தான்.

ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தாள். கையில் மாமியாரின் செருப்புகள், ஒரு கைக்கு ஒன்றாக. நேராக மேஜைக்கு வந்து, இரண்டின் அடிப்பக்கத்தையும் டாக்டரின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

அறைக்குள் எல்லாமே நின்றுவிட்டது. நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏய். இன்னா பண்ற நீ?" என்றான் அருள். குரல் எழும்பவில்லை.

வலது செருப்பு குதிகாலில் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. பெருவிரல் அழுத்திய இடத்தில் குழி. அடியில் போட்டிருந்த கோடுகள் ஒன்றுகூட மிச்சமில்லை. இடது செருப்பு கடையில் வாங்கியது போலவே இருந்தது. ஏழாம் நம்பர் என்று அச்சடித்த தாள்கூட அடியில் அப்படியே ஒட்டியிருந்தது.

"ரெண்டும் ஒரே நாள் வாங்கினது சார்" என்றாள் தமிழ்ப்ரியா. குரல் நடுங்கியது, ஆனால் வந்தது. "இங்க ஆபரேஷன் முடிஞ்சு வூட்டுக்குப் போற அன்னிக்கி. அத்த நடக்கவே இல்ல சார். ஒரு நாள் கூட இடது கால ஊனல. வாக்கரைப் புடிச்சிக்கினு ஒத்தைக் கால்லயே குதிச்சுக் குதிச்சுதான் போவாங்க."

டாக்டர் செருப்பைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் செருப்பைப் பார்த்தார்.

"போன தடவை நடக்கறாங்களான்னு நான் கேட்டேனே" என்றார் அருளிடம்.

அருளின் பேனா கையிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வாக்கரோடு வாசலில் நிற்பதைப் பார்த்திருக்கிறான். எந்தக் காலில் நிற்கிறாள் என்று பார்த்ததில்லை. புடவை தரை வரைக்கும் இருக்கும். நடக்கறாங்க சார் என்று சொன்னது அவன்தான்.

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து வெள்ளச்சியின் முன்னால் நின்றார். அவளிடம் நேராகப் பேசியது அப்போதுதான்.

"ஏம்மா ஊனல? வலிக்குமேன்னு பயமா?"

"பயம் இன்னா சார். நீங்க சொல்லலியே."

"ஆறாவது வாரம் வந்தப்ப இங்க இருந்த டாக்டர் சொல்லியிருப்பாரே. சீட்டுலகூட எழுதியிருக்கு."

"சொன்னாரு. அவரு யாரோ சின்னப் புள்ள. என் தொடையில கை வச்சது நீங்க."

பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். டாக்டருக்கு இதெல்லாம் தெரியாது என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது போலிருந்தது. அவர்கள் ஊரில் எலும்பு முறிந்தால் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிற ஒருவர் இருந்தார். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். அவிழ்த்த பிறகு அவரே குனிந்து பாதத்தைப் பிடித்துத் தரையில் வைத்து, ஊனு என்று சொல்ல வேண்டும். அதுவரைக்கும் வேறு யார் சொன்னாலும், பெற்ற தாயே சொன்னாலும், காலைத் தரையில் வைக்கக்கூடாது. வைத்தால் கட்டியவரை நம்பவில்லை என்று அர்த்தம்.

"வூட்டுக்கு அனுப்பறப்ப நீங்க இன்னா சொன்னீங்க? நான் சொல்ற வரைக்கும் ஊனாதன்னு சொன்னீங்க. அதான், நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்."

தனசேகரன் படத்தை உருவி மேஜையில் வைத்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்து அவள் முன்னால் உட்கார்ந்தார். தொடையை அழுத்திப் பார்த்தார். முழங்காலை மடக்கி நீட்டச் சொன்னார். வீடு எப்படி, வாசலில் படியா சரிவா, குளிக்க எங்கே போவாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வெளியே டோக்கன் முப்பத்தெட்டு இரண்டு தடவை கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்.

"அருள், அந்தப் படிவத்தைக் குடுங்க" என்றார். வாங்கி நான்காகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

எளிமையாகத்தான் விளக்கினார். கம்பி அசையாமல் இருக்க மேலேயும் கீழேயும் திருகு போட்டிருக்கிறது. நடக்கும்போது உடம்பின் எடை இறங்கினால்தான் முறிந்த இரண்டு முனைகளும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வளரும். ஐந்து மாதமாக எடையே விழாத எலும்பு, வளர வேண்டிய அவசியம் இல்லாமல் சும்மா இருந்துவிட்டது. கீழே இருக்கிற திருகுகளை மட்டும் எடுத்துவிட்டால் போதும். மரத்துப்போகிற ஊசி போட்டு அரை மணி நேர வேலை. அதன் பிறகு நடக்க வேண்டும். நடப்பதுதான் மருந்து.

"சேந்துடும்னு எழுதிக் குடுக்க மாட்டேன். ரெண்டு மாசம் நடந்தபிறகு படம் எடுப்போம். ஆனா நடந்தும் சேராத எலும்பு வேற, நடக்காத எலும்பு வேற. இதை நான் உங்களைப் பார்த்துக் கேட்டிருக்கணும். தப்பு என்னோடது."

"உங்க மேல இன்னா தப்பு. இவ்ளோ கூட்டத்துல யாருன்னு பாப்பீங்க" என்றாள் வெள்ளச்சி.

டாக்டர் தமிழ்ப்ரியாவின் பக்கம் திரும்பினார். அவள் இன்னும் செருப்புகளைப் பிடித்துக்கொண்டே நின்றாள். என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். பத்தாவது என்று சொல்ல வந்த வார்த்தை மறுபடியும் உள்ளேயே நின்றுவிட்டது. வெள்ளச்சிதான் பதில் சொன்னாள்.

"அவ ஜாஸ்தி பேச மாட்டா சார். இன்னிக்கிதான் பேசியிருக்கா."

*

மூன்று மணிக்குத் திருகுகள் வெளியே வந்தன. சின்னக் கண்ணாடிப் புட்டியில் போட்டு நர்ஸ் கொடுத்தாள். இரண்டு திருகு, ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம். வெள்ளச்சி புட்டியைக் குலுக்கிப் பார்த்தாள். இவ்வளவு சின்னதுக்கா இவ்வளவு நாள் என்று கேட்டாள்.

ஐந்து மணிக்கு அவளை வராந்தாவுக்கு அழைத்து வந்து பெஞ்சில் உட்காரவைத்தார்கள். மாலை நேரக் கூட்டம் நிறைந்திருந்தது. நாராயணசாமி கட்டு மாற்றிக்கொண்டு அப்போதே போயிருக்க வேண்டியவர். போகவில்லை. என்ன ஆகிறதென்று பார்க்க உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்தில் சும்மா இருக்காமல் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் செருப்புக் கதையைச் சொல்லியும் முடித்திருந்தார்.

டாக்டர் பார்த்துக்கொண்டிருந்த நோயாளியை விட்டுவிட்டு எழுந்து வந்தார். வெள்ளைக் கோட்டோடு வராந்தாவில் மண்டியிட்டு உட்கார்ந்தார். வெள்ளச்சியின் இடது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்தார். ஐந்து மாதமாகத் தரையைத் தொடாத பாதம். தோல் குழந்தையின் தோல் போல மெத்தென்று இருந்தது.

அதை மெதுவாக மொசைக் தரையில் வைத்தார்.

"ஊனுங்கம்மா."

வெள்ளச்சி கண்ணை மூடிக்கொண்டாள். வாக்கரைப் பிடித்து எழுந்தாள். உடம்பை இடது பக்கம் சாய்த்தாள். தொடை நடுங்கியது. நெற்றியில் வியர்வை துளிர்த்தது. அருள் பின்னால் போய் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றான்.

"கைய எடுடா" என்றாள் திரும்பாமலே. "நீ நின்னா உம்மேலயே சாஞ்சுடுவேன்."

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

முதல் அடி விழுந்தது. இடது கால். பிறகு வலது. மறுபடியும் இடது. வாக்கரின் ரப்பர் அடி தரையில் கீச்சென்றது. சுபஸ்ரீ அடுத்த டோக்கனைக் கூப்பிட வாயெடுத்தவள் கூப்பிடாமல் எழுந்து நின்றாள். ஐந்து, ஆறு என்று நாராயணசாமி சத்தமாக எண்ணத் தொடங்கினார். ஒன்பதில் வெள்ளச்சி நின்று மூச்சு வாங்கினாள். அவ்வளவுதான் போலிருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் எக்ஸ்ரே அறைக் கதவு வரைக்கும் போய், கதவைத் தொட்டுவிட்டு, திரும்பி வந்தாள்.

இருபத்தாறு அடி. மாவுக்கட்டு போட்ட கையைத் தட்ட முடியாமல் நாராயணசாமி தொடையில் தட்டிக்கொண்டார். கழுத்துப் பட்டைக்காரர் ஒருவர் தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பிப் பார்த்தார்.

"வலிக்குதாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"வலிக்குது" என்றாள் வெள்ளச்சி. முகமெல்லாம் சிரிப்பு. "நல்லா வலிக்குது சார்."

தமிழ்ப்ரியா சுவரோரமாகத் திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அருள் அவள் பக்கத்தில் வந்து நின்றான். அவள் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். காலையிலிருந்து அந்தப் பையை அவள் தனியாகச் சுமந்துகொண்டிருந்தாள்.

*

இன்றிரவு மட்டும் இருந்துவிட்டுக் காலையில் போகலாம் என்றார் டாக்டர். எங்கே போவதென்று அவர் கேட்கவில்லை. வெள்ளச்சி தானாகவே சொன்னாள், மேலே என்று. ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏற்றம் எப்படி என்று அவர் விசாரித்தார். ஒரு மாதத்துக்கு டோலியில்தான் ஏற வேண்டும், ஆனால் வீட்டைச் சுற்றித் தினமும் நடக்க வேண்டும் என்று சொன்னார். அருள் பாக்கெட்டுக்குள் கையை விட்டு சாவியைத் தொட்டுக்கொண்டு நின்றான். அவன் மறுத்துப் பேசவில்லை. முகம் மட்டும் ஏனோ வெளுத்திருந்தது. டிபன் வாங்கி வருகிறேன் என்று அவசரமாகக் கிளம்பிவிட்டான்.

அவன் செல்போன் கட்டில் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. ஐந்து நிமிடத்தில் அது அடித்தது. ஆதிமூலம் சின்னசேலம் என்று பெயர் வந்தது. அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. மூன்றாவது தடவை தமிழ்ப்ரியா எடுத்துக் காதில் வைத்தாள். வழக்கம்போல அவளுக்கு வாய் வரவில்லை. எதிரில் இருந்தவர் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை.

"தம்பி, ஏர் மாட்டோட நாலு ஆளு காலையிலயே மேல ஏறிடுவாங்க. ரெண்டு காணியும் மரவள்ளிதான் போடப்போறேன். உங்கம்மாதான் இனிமே மலைக்கு வர மாட்டாங்கன்னு சொன்னியே. அந்தக் கொட்டாயில வெத சாமை மூட்டை கீதாமே, அத இன்னா பண்றது? எடுத்து வெளிய வச்சிடட்டுமா?"

தமிழ்ப்ரியா செல்லைக் காதிலிருந்து எடுத்தாள். அவள் முகத்தைப் பார்த்தே வெள்ளச்சி கேட்டாள்.

"யாரு? இன்னா சொல்றாங்க?"

சொல்லலாமா வேண்டாமா என்று அவளுக்கு ஒரு நொடி தோன்றியது. அருள் வந்துவிடட்டும் என்றும் தோன்றியது. காலையில் மேஜையின் முன்னால் நின்றது நினைவுக்கு வந்தது.

"நம்ம காட்ட சின்னசேலம் ஆதிமூலம் குத்தகைக்கி ஓட்டப் போறாராம் அத்த. நாளைக்கி காலையில. உங்க புள்ளதான் பேசி முடிச்சிருக்காரு."

வெள்ளச்சி போர்வையை விலக்கினாள். கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து வாக்கரை இழுத்துக்கொண்டாள். இரண்டு பாதங்களையும் தரையில் வைத்தாள். மருமகள் தாங்க வந்தாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுத் தானாகவே எழுந்தாள். இடது கால் நடுங்கி, பிறகு நின்றது. கையை நீட்டிச் செல்லை வாங்கினாள்.

கதவருகில் டிபன் பொட்டலத்தோடு அருள் வந்து நின்றதை அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஆதிமூலம் அண்ணனா? நான் வெள்ளச்சி. நின்னுக்கினுதான் பேசறேன், சொல்லுங்க."